சுழி பார்த்து வாங்கிய ஸ்கூட்டர்

தங்கப்பாண்டி பகலெல்லாம் பொருளைப் புகழ்ந்து பிழைக்கிறவன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், பட்டுப் பிரிவில் நிற்கிறான். எந்தப் புடவையை விரித்தாலும், “ஒங்க நெறத்துக்குன்டே நெய்ததும்மா” என்று சொல்ல அவனுக்கு நாக்குக் கூசியதில்லை. ஒரே புடவையைக் கறுப்புக்கும் சிவப்புக்கும் மாநிறத்துக்கும் ஒரு காலைப்பொழுதுக்குள் நெய்ய வைத்துவிடுவான். ஆனால் தான் ஒன்றை வாங்கப் போகும்போது மட்டும் அவன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது. கத்தரிக்காய் வாங்கினாலும் அதற்குள் இல்லாத புழுவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பான்.

இதைக் கபடம் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரைச் சொத்து. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலத்தை மூன்று பேர் பங்கு போட்டதில், தகப்பனார் சோணையிடமிருந்து அவனுக்கு முழுசாக வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். சோணை மாட்டுச்சந்தைக்குத் தவறாமல் போனவர். சந்தையில் ஒரு முறை உண்டு. மாட்டை நன்றாயிருக்கிறது என்று சொல்லி வாங்கினால் கண்பட்டுவிடும். குறை சொல்லி வாங்கினால்தான் வீட்டில் நிற்கும். “முதுகுல சுழி சரியில்லையேப்பா” என்று வாங்குகிறவன் முதுகு மயிரைத் தடவி உதட்டைப் பிதுக்குவான். “சுழி ஒன் கண்ணுலதான் இருக்கு, போய்யா” என்பான் விற்கிறவன். அதன்பிறகு துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சொன்ன குறையைச் சொன்னவனும் நம்புவதில்லை, கேட்டவனும் நம்புவதில்லை. இருவருமே நம்பாத ஒன்றை யார் அதிகக் கறாராகச் சொல்கிறானோ அவனுக்குச் சந்தையில் நல்ல பெயர். சோணைக்கு நல்ல பெயர் இருந்தது.

மகன் முப்பத்தெட்டு வயது வரை சைக்கிளைத் தவிர வேறொன்றிலும் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்ததில்லை. நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தான். கேட்டவர்களிடம், பஸ்ஸில் போனால் நாலு மனிதரைப் பார்க்கலாம் என்று சொல்வான். நாலு மனிதரின் அக்குளைத்தான் பார்க்க முடிந்தது என்பது அவனுக்கும் தெரியும். மனைவி தாமரைச்செல்வி ஒருநாள், “நம்மூர்ல ஆடு மேய்க்கிற பய வண்டியில போயி மேய்க்கிறான். நீங்க படிக்கட்டுல தொங்குங்க. தொங்கித் தொங்கிக் கை நீளமாயிரும், பரண்ல இருக்கிறத எடுக்கவாச்சும் ஆகும்” என்றாள். அந்த வாரமே எல்.எல்.ஆர். போட்டான். கடையில் கூட வேலை பார்ப்பவர் ஒரு விவரம் சொன்னார்: எஸ்.எஸ். காலனியில் ஒரு வீட்டில் பழைய ஸ்கூட்டர் விலைக்கு நிற்கிறது, வைத்திருந்தவர் காலமாகிவிட்டார்.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். ஜவுளிக்கடைக்காரனுக்கு ஞாயிறு கிடையாது. தங்கப்பாண்டிக்கு வாரத்தில் கிடைத்த ஒரே நாள் புதன்தான். அப்படியொரு புதன்கிழமை அந்த வீட்டுக்குப் போனான்.

வாலாம்பாள் மாமி கேட்டைத் திறந்து, ஷெட்டில் நின்ற வண்டியின்மேல் கிடந்த பழைய போர்வையை எடுத்தார். கியர் இல்லாத ஸ்கூட்டர், சாம்பல் நிறம். ஒரு கீறல் இல்லை. கணவர் பஞ்சாபகேசன் போன சித்திரையில் தவறிவிட்டார். அதற்குப்பின் வண்டியை யாரும் எடுக்கவில்லை.

“அவர் இதை ஓட்டினதைவிடத் தொடைச்சதுதான் ஜாஸ்தி” என்றார் மாமி. “கோயிலுக்குப் போவார், காய்கறிக்குப் போவார். அவ்வளவுதான். வேற ஒரு ஓட்டமும் கிடையாது.”

பார்த்த மாத்திரத்தில் தங்கப்பாண்டிக்கு வண்டி பிடித்துவிட்டது. பிடித்துவிட்டால் குறை சொல்லியாக வேண்டும். ஸ்கூட்டரில் சுழி எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. போனில் யாரோ பேசிய வீடியோவிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் கொண்டுவந்திருந்தான்: பழைய வண்டி வாங்கும்போது இன்ஜினைப் பிரித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதற்குள் பஸ் வந்துவிட்டதால் அந்த வீடியோவை அவன் முழுக்கப் பார்க்கவில்லை.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். சீட்டைத் திமிலைத் தடவுவதுபோல் தடவினான். குனிந்து, சைலன்சரை விரலால் சுண்டிக் காதைக் கொடுத்தான். நிமிர்ந்து, நாக்கால் ‘ச்ச்’ என்று ஒரு சத்தம் எழுப்பினான். சோணையின் சத்தம் அது.

“என்ன?” என்றார் மாமி.

“இன்ஜினைப் பிரிச்சிருக்காங்கம்மா. உள்ள ஒரிஜினல் சாமான் இல்ல. கழட்டிட்டு டூப்ளிகேட்டப் போட்டு மூடியிருக்காங்க.”

சொல்லிவிட்டு, ‘ஒன் கண்ணுலதான் டூப்ளிகேட்டு’ என்ற பதிலுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. மாமி வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“பிரிச்சிருக்காளா? அவர் மெக்கானிக் காளையைத் தவிர வேற யார்கிட்டயும் விட்டதே இல்லையே. பத்து வருஷமா அவன்தானே பாக்கறான். வாசல்ல வந்து வண்டியை எடுத்துண்டு போவான். தீபாவளிக்கு பட்சணம் குடுப்போம்.”

“நான் யாரையும் சொல்லலங்கம்மா. சாமான் மாறியிருக்கு. அம்புட்டுதான் தெரியுது.”

மாமியின் முகம் தொங்கிப்போனது. அதைத் தங்கப்பாண்டி பார்த்தான். பார்த்தான் என்பதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் அவன் தான் அதைக் கவனிக்கவே இல்லை என்று தன்னிடமே சாதித்துக்கொண்டிருந்தான். பார்த்தான், பார்த்து, பேரம் படிகிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு விலையைச் சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் மாமியே போன் செய்தார். அவன் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்றார். வண்டியை வாங்கப் போனபோது சாவியையும் ஆர்.சி.யையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்து, “நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது” என்று நன்றி வேறு சொன்னார். “பரவாயில்லங்கம்மா” என்றான் தங்கப்பாண்டி.

வண்டி கிளம்பவில்லை. ஒரு வருஷமாக நின்ற வண்டி, பேட்டரி செத்துக் கிடந்தது. தள்ளினான். கொஞ்ச தூரம் போவதற்குள் எப்படியோ கைப்பிடி பூட்டிக்கொண்டு, வண்டி ஒரே பக்கமாகத் திரும்பி ஒரு வீட்டுக் கேட்டை முட்டியது. முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கி இழுத்து, வியர்த்து விறுவிறுத்துத் தெருமுனைக்கு வந்தபோது, டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை தெரிந்தது. ‘கருப்பசாமி துணை டூவீலர் ஒர்க்‌ஷாப்’ என்று போர்டு. கடையில் வேறு வண்டி எதுவும் இல்லை. அவனுக்கு அது வசதியாகப் பட்டது.

உள்ளே இருந்தவர் வண்டியைப் பார்த்ததும் எழுந்தார். கையைக் கழிவுத்துணியில் துடைத்தார். போதாமல் சட்டையிலும் துடைத்தார்.

“மாமி வீட்டுச் சாமி வண்டியில்ல இது?” என்றார். “நீங்களாண்ணே வாங்குனது?”

“ஆமா.”

“காளைண்ணே நான். இந்த வண்டிய அன்னைலருந்து இன்னைவர நாந்தான் பாத்தேன்.”

தங்கப்பாண்டிக்கு அந்த இடத்திலேயே வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. கைப்பிடி பூட்டிக் கிடந்ததால் வண்டியோடு ஓட முடியாது; வண்டியில்லாமல் ஓட மனமில்லை.

காளை அவனை உட்காரவைத்து டீ சொன்னார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். மாமியிடம் எவனோ ஒரு விளங்காத பயல் வந்து, இன்ஜினைப் பிரித்துச் சாமானை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மாமி அதைச் சகஸ்ரநாமம் சொல்லும் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். அந்தத் தெருவில் உள்ள வண்டியெல்லாம் காளையிடம் வருகிற வண்டிகள். ஒவ்வொரு வீட்டிலும், நம் வண்டியில் என்னத்தை உருவினானோ என்று யோசித்திருக்கிறார்கள். பத்து நாளாகக் கடைக்கு ஒரு வண்டி வரவில்லை.

“மாமி வீட்டுக்குப் போனேன். ‘பிரிச்சுக் காட்டட்டுமா, நீங்களே பாருங்க’ன்டேன். ‘இன்னொரு தடவை வேற பிரிக்கணுமா’ங்கிறாக. என்னத்தண்ணே சொல்ல?”

தங்கப்பாண்டி டீயை ஊதினான்.

“ஆனா ஒண்ணுண்ணே,” என்றார் காளை. “இன்ஜின் மாத்துன வண்டின்டு நெனச்சா எவனாச்சும் காசு குடுத்து வாங்குவானா? நீங்க வாங்குனீங்க. அப்ப நீங்க நம்பல. இந்த ஊருல நீங்க ஒருத்தருதாண்ணே நம்பல. இந்த வண்டிக்கு ஒங்ககிட்ட நான் கூலி வாங்குனா என் கை அழுகிரும்.”

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை ஒரு டீயோடு முடிந்திருக்கும். தங்கப்பாண்டியும் சொல்லத்தான் வாயைத் திறந்தான். “டீ நல்லாருக்கு” என்றான். தன் கைக்கு வந்த ஒரு பொருளை அவன் புகழ்ந்தது அன்றுதான்; அதற்கும் அவன் விலை கொடுக்கவில்லை.

அடுத்தடுத்த புதன்கிழமைகளில் வண்டி உயிர்பெற்றது. காளை அவனையே ஸ்பேனரைப் பிடிக்கச் சொன்னார். “ஒங்க வண்டி. ஒங்க கைபட்டாத்தான் ஒங்ககூட ஒட்டும்.” டேங்கில் ஒரு வருஷப் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாற்றமடித்தது, அதை வடித்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றித் துவாரத்தை ஊதச் சொன்னபோது தங்கப்பாண்டி தப்பான பக்கம் ஊதி, முகமெல்லாம் பெட்ரோல் ஆனான். பிரேக் ஷூவைத் தலைகீழாக மாட்டிவிட்டு, டிரம் ஏன் மூடவில்லை என்று ஓங்கித் தட்டினான். சென்டர் ஸ்டாண்ட் போடுவது அவனுக்கு ஒரு பெரிய வித்தையாக இருந்தது. வண்டியைத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொள்வான்.

“அண்ணே, அது என்ன மூட்டையா? நீங்க தூக்காதீங்க. கம்பிய மிதிங்க, அதுவா ஏறும்” என்று காளை சிரிப்பார்.

வண்டி ஓடத் தொடங்கியதும் கொட்டகைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் ஓட்டப் பழக்கினார். தங்கப்பாண்டி ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டு, பயத்தில் அதையே இன்னும் இறுக்கிப் பிடிப்பான். காளை பின்னாலேயே, “விடுங்கண்ணே, விடுங்க! கைய விடச் சொல்லல, முறுக்க விடுங்க!” என்று ஓடிவருவார். ஒருமுறை முள்ளுக்குள் விழுந்தபோது முதலில் அவனைத் தூக்கினார், அப்புறம்தான் வண்டியை. ஒரு மெக்கானிக்கிடம் இதைவிடப் பெரிய மரியாதையை எதிர்பார்க்க முடியாது.

காளை ஒன்றும் ஹரிச்சந்திரன் அல்லர். சாயந்தரம் ரெடி என்று சொன்ன வண்டியை அவர் சாயந்தரம் கொடுத்ததாகச் சரித்திரமில்லை. சாமான் வரவில்லை என்பார், மாமனார் செத்துவிட்டார் என்பார். அந்த மாமனார் மார்க்கெட்டில் எதிர்ப்பட்டு வணக்கம் வைப்பார். இதையெல்லாம் தெருவே அறிந்து சிரித்துக்கொண்டு, வண்டியை அவரிடமே விட்டுக்கொண்டிருந்தது. ஆயிரம் பொய்யோடு பத்து வருஷம் நல்ல பெயரெடுத்திருந்தவருக்கு, அடுத்தவன் சொன்ன ஒரு பொய்யில் பெயர் போனது. இப்போது பொய் சொல்லக்கூட அவருக்கு ஆள் இல்லை. தங்கப்பாண்டியைத் தவிர.

தங்கப்பாண்டியோ, அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்து அவர் வேலையை மட்டும் பார்க்கப் பழகியிருந்தான். ராத்திரிச் சோற்றில் கை வைத்தால் தாமரைச்செல்வி கேட்பாள்: “வண்டி நல்லாத்தான ஓடுது? பின்ன ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீங்க, கடன் வாங்குனவன் மாதிரி?” “இடுப்பு வலிக்குது” என்பான். நான் மெக்கானிக்கைச் சொல்லவில்லை, சாமானைத்தான் சொன்னேன் என்று மனசுக்குள் வழக்காடிப் பார்த்தான். மாமிதான் காளையின் பெயரை எடுத்தார் என்று வாய்தா வாங்கிப் பார்த்தான். தீர்ப்பு மட்டும் மாறவேயில்லை.

ஒரு புதன்கிழமை காளை பிரேக் கம்பியை இறுக்கிக்கொண்டே சொன்னார்: “ஆவணியோட கடைய மூடிரலாமுன்டு இருக்கேண்ணே. வாடிப்பட்டில மச்சினன் கடையில போயி நிக்க வேண்டியதுதான். அவன் தொழில் கத்துக்கிட்டது எங்கிட்ட. இப்ப நான் போயி அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கணும்.”

தங்கப்பாண்டி கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான்.

“போறதுக்கு முன்ன ஒரு உதவி. அடுத்த புதன் எங்கூட மாமி வீட்டுக்கு வாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, வண்டி நல்லா ஓடுது, உள்ள எல்லாம் ஒரிஜினல்தான்டு. வாங்குன ஆளு சொன்னா நம்புவாக. கடைய மூடுறது மூடுறதுதான், திருடன்டு பேரோட மூட வேணாம் பாருங்க.”

“வாரேன்” என்றான் தங்கப்பாண்டி. சொன்ன பிறகுதான் கணக்கு விளங்கியது. காளையோடு மாமி வீட்டு வாசலில் போய் நின்றால் மாமி முதலில் கேட்கப்போவது, ‘ஏன்யா, நீதானே சொன்னே?’ என்பதைத்தான்.

அதனால் அடுத்த புதன்கிழமை, காளை சொன்ன நேரத்துக்கு வெகுநேரம் முன்னாலேயே, தன்னந்தனியாக மாமி வீட்டுக்குப் போனான். மாமியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவது, தன் பெயர் வெளியே வராமல் அவரைச் சரிக்கட்டிவிடுவது என்பது திட்டம். யோக்கியனாகவும் வேண்டும், அது யாருக்கும் தெரியவும் கூடாது.

மாமி ஹாலில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

“அம்மா, அன்னைக்கு நான் சொன்னது... அந்த இன்ஜின்... அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லங்கம்மா. நான் சும்மா சொன்னேன்.”

“சும்மான்னா?”

“எங்க பக்கம் மாடு வாங்குறப்ப... ஒரு பேச்சுக்கு... சுழின்டு சொல்றது. கண்ணுபடக் கூடாதுன்டு...”

நாக்கு குழறியது. பொய்யை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னவன், மெய்யைச் சொல்லும்போது மோர்த் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமி அவனைக் கூர்ந்து பார்த்தார்.

“காளை அனுப்பினானா?”

“இல்லங்கம்மா!”

“பாவம், நல்லவர் நீங்க. ஆத்துக்காரர்கூட இப்படித்தான், யார் அழுதாலும் நம்பிடுவார். அன்னிக்கு எவ்வளவு தெளிவாச் சொன்னேள்! இப்போ உங்களுக்கே பேச்சு வரலை. யாருக்காகவோ பொய் சொல்றேள்னு மூஞ்சியிலேயே எழுதியிருக்கே.”

தங்கப்பாண்டிக்குக் கண் கலங்கியது. ஜவுளிக்கடையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் முதல்முறையாகச் சொன்ன கலப்பில்லாத உண்மை விலைபோகாமல் திரும்பி வந்தது. சுற்றும்முற்றும் பார்த்தான். சமையலறை வாசலில் ஒரு டேபிள் டாப் கிரைண்டர் இருந்தது. புதுசு, ஸ்டிக்கர்கூடப் பிய்க்கவில்லை.

எழுந்தான். அதைச் சுற்றி வந்தான். மூடியைத் திறந்து கல்லைத் தடவினான். விரலால் சுண்டி, காதைக் கொடுத்தான். நாக்கால் ‘ச்ச்’ என்றான்.

“இது எங்கம்மா வாங்குனது?”

“ஏன்? மாப்பிள்ளை வாங்கிண்டு வந்தார். போன மாசம்தான்.”

“கல்லு மாறியிருக்கும்மா. யாரோ ஓட்டிட்டுத் திருப்பிக் குடுத்ததக் கழுவித் தொடைச்சுப் புது டப்பால போட்டிருக்காங்க. இங்க பாருங்க, ஓரத்துல தேஞ்சிருக்கு. ஒங்க மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சுதான் வாங்கியிருப்பாரு. வெல கம்மியா இருந்திருக்கும்.”

மாமியின் முகம் தொங்கிப்போனது. முன்பு வாசற்படியில் தொங்கிய அதே முகம். “அவர் அப்படிப்பட்டவர் இல்லையே...” என்று முனகியபடி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “ஆமா, கொஞ்சம் தேஞ்ச மாதிரிதான்...” கை தானாக மேஜைமேலிருந்த போனை நோக்கிப் போனது.

“அம்மா,” என்றான் தங்கப்பாண்டி. “கிரைண்டரப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. அது நல்ல கிரைண்டர். அன்னைக்கும் இப்பிடித்தான் சொன்னேன்.”

மாமியின் கை போன்மேல் அப்படியே நின்றது.

“ஒரு நிமிஷம் மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டுட்டேன்,” என்றார் கடைசியில். “தங்கமான மனுஷன் அவர்.”

“ஆமாங்கம்மா.”

“எவ்வளவு நன்னாப் பொய் சொல்றேள்!” திட்டுகிறாரா வியக்கிறாரா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. “சொன்னது நீங்க. அதை வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுத்தது நான். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டேனா? பத்து வருஷம் இந்த வாசல்ல நின்னவன்.” நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். “நீங்கதான் சொன்னேள்னு அவனுக்குத் தெரியுமோ?”

அவன் தரையைப் பார்த்தான்.

“தெரியாதா? அவன் வாங்கித் தர டீயைக் குடிச்சுண்டு, வேலையையும் வாங்கிண்டு, இத்தனை நாளும்?”

“யாரோ ஒரு ஆளுன்டு சொல்லிருங்கம்மா. என் பேரு வேணாம். கும்புடுறேன்.”

“யாரோ வந்து சொன்னான், இப்போ யாரோ வந்து இல்லேங்கறான். இதைப் போய்ச் சொன்னா தெரு நம்புமா? கிளம்புங்கோ. வண்டியை எடுங்கோ.”

எல்.எல்.ஆர். வைத்திருப்பவன் பின்னால் ஆளை ஏற்றக் கூடாது. செய்த தப்பைச் சரிசெய்யக் கிளம்பியவன் அதற்காகச் சட்டத்தை மீறினான். மாமி ஒருபக்கமாகக் கால்களைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் சீட்டையும் மறு கையால் புடவைத் தலைப்பையும் பிடித்துக்கொண்டார். வண்டி பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. “அவர் இவ்வளவு ஆட்ட மாட்டார்,” என்றார் மாமி பின்னாலிருந்து. “ஹாரன் அடிங்கோ. நாய் நிக்கறது பாருங்கோ.” கேட்டுகளில் தலைகள் தெரிந்தன. செத்துப்போன பஞ்சாபகேசனின் ஸ்கூட்டரில் வாலாம்பாள் யாரோ ஒரு ஆள் பின்னால் போவதை அந்தத் தெரு நின்று பார்த்தது.

காளை குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, மாமி வீட்டுக்குப் போகத் தயாராகக் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். அந்தச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. மாமியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கத் தங்கப்பாண்டிக்குக் கண் வரவில்லை.

“அண்ணே! கையோட கூட்டிக்கிட்டே வந்துட்டீங்களா! வாங்க மாமி, உக்காருங்க.” ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

மாமி உட்காரவில்லை. தங்கப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, நீயே சொல் என்று அர்த்தம்.

“காளை,” என்றான் தங்கப்பாண்டி. “மாமிகிட்ட அன்னைக்கு அப்பிடிச் சொன்னது நாந்தான்.”

காளை சிரித்தார். “வெளையாடாதீங்கண்ணே.”

“நாந்தான். மாடு வாங்குற மாதிரி ஒரு குறை சொல்லணுமேன்டு...”

சிரிப்பு காளையின் முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. எங்கே போவது என்று அதற்கே தெரியவில்லை. கடைசியில் அவர் மெதுவாகக் கேட்டார்:

“எங்கப்பனும் சந்தைக்குப் போனவருதான். மாட்டைத்தான குறை சொல்லுவாக? மாட்ட வளத்தவனையாச் சொல்லுவாக?”

தங்கப்பாண்டி அதுவரை பரம்பரையின் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தான். அந்தக் கேள்வியோடு அந்த மறைப்பும் விழுந்தது. சோணை ஆயிரம் மாட்டுக்குச் சுழி சொன்னவர்; ஒரு மாட்டுக்காரனைக்கூடத் திருடன் என்று சொன்னதில்லை. இது சந்தை முறையும் இல்லை. இது அவனுடைய சொந்தச் சரக்கு.

“மன்னிச்சிரு காளை” என்றான்.

“எங்கிட்டச் சொல்லி என்னா ஆகப்போகுது? பேரு போனது அங்கிட்டு.” காளை தெருவின் பக்கம் கையைக் காட்டினார். “அங்க போயிச் சொல்லுங்க.” வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கிரீஸ் சட்டையை எடுத்து, உதறி, போட்டுக்கொண்டு, இல்லாத வேலையைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

மாமி முன்னால் நடந்தார். தங்கப்பாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனான். ஏறி ஓட்டத் தெம்பில்லை. முதல் வீட்டில் மாமி அழைப்புமணியை அடித்து, வந்த அம்மாளிடம், “இவர் ஒண்ணு சொல்லணுமாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். அவன் சொன்னான். நான் பொய் சொன்னேன், காளை அப்படிச் செய்யவில்லை என்று.

“அடடா, நாங்க அதை அப்பவே நம்பலையே!” என்றார் அந்த அம்மாள்.

இரண்டாவது வீட்டிலும் நம்பவில்லையாம். மூன்றாவது வீட்டுக்காரர் கொஞ்சம் கோபமாகவே, “காளையாவது, அப்படிப் பண்றதாவது!” என்று அவனை அதட்டினார். அவர் வீட்டு ஸ்கூட்டர் பைபாஸ் ரோட்டில் வேறொரு கடையில் நின்றுகொண்டிருந்தது. தெருவில் ஒருவரும் நம்பவில்லை. வண்டியை மட்டும் எல்லோரும் மாற்றிவிட்டிருந்தார்கள். நம்பாதவர்களிடம் போய் அதை நம்பாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? இருந்தாலும் சொன்னான். ஒவ்வொரு வாசலிலும் முகம் ஒரு சுற்றுச் சிறுத்தது.

ஹரிநாராயணன் என்பவர் மட்டும் அவனைப் பாதியில் அனுப்பவில்லை. பாங்க் வேலை, அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, முழுக் கதையையும் அக்கறையாகக் கேட்டார். சைலன்சரைச் சுண்டியதை, காதைக் கொடுத்ததை, நாக்கால் எழுப்பிய சத்தத்தை. கிரைண்டர் கதையை மாமியே சொன்னார். ஹரிநாராயணன் தொடையில் தட்டிக்கொண்டார்.

“காளை விஷயம் சரி. நான் இன்னிக்கே வண்டியை அவன்கிட்ட கொண்டுபோய் விட்டுடறேன். அது ஒண்ணும் பிரச்சனை இல்லை,” என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “சார், ஒரு உதவி. பழைய கார் ஒண்ணு பாத்து வச்சிருக்கோம், மாட்டுத்தாவணி பக்கம். அந்த ஆள் விலையிலே இறங்கவே மாட்டேங்கறான். நீங்க ஒரு தடவை கூட வந்து, இப்படிச் சுத்தி வந்து, ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போறும். நீங்க சொல்ற நாள்ல வச்சுப்போம்.”

தங்கப்பாண்டி மாமியைப் பார்த்தான். மாமி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். ஹரிநாராயணன் மனப்பூர்வமாகக் கேட்டார். அவன் கையில் ஒரு வித்தை இருக்கிறது என்று மதித்துக் கேட்டார். இரண்டு காதும் சூடாயின.

“அந்தக் காருக்கும் ஒரு மெக்கானிக் இருப்பாருங்க சார்” என்றான்.

“இருக்கட்டுமே. அதனாலென்ன?” என்றார் ஹரிநாராயணன், உண்மையிலேயே புரியாமல்.

தங்கப்பாண்டி கும்பிட்டுவிட்டு எழுந்தான். வெளியே மாமி ஏற்கெனவே அடுத்த வீட்டுக் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தங்கப்பாண்டி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினான், ஏறிவிட்டது. கைப்பிடியில் தொங்கிய ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, படி ஏறி, மணியை அடித்தான். உள்ளே யாரோ செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. எந்த வார்த்தையில் தொடங்குவது என்பது, இத்தனை வாசல் ஏறிய பிறகும், அவனுக்குப் பழகியிருக்கவில்லை.